குண்டு செய்பவர் வேறு, விதி எழுதுபவர் வேறு: யார் இந்த கே.சுப்பிரமணியம்?

பொக்ரான் என்றதும் நமக்கு அப்துல் கலாம் ஞாபகம் வருவார். அந்த ஆயுதத்தை எப்போது பயன்படுத்தலாம், எப்போது கூடாது என்று வாதாடிய இன்னொரு தமிழரை அதிகம் பேர் அறிய மாட்டார்கள்.

யார் இவர்?

1929-ல் திருச்சியில் பிறந்தவர் கே.சுப்பிரமணியம். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து, ஐஏஎஸ் ஆனார். 1964-ல் சீனா அணுகுண்டு சோதித்தது. இந்தியாவுக்கும் அது வேணும் என்று வாதிட்டவர்களில் இவர் முக்கியமானவர். டெல்லியில் உள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐடிஎஸ்ஏ-வுக்கு இரண்டு முறை இயக்குநராக இருந்தார். 2011-ல் காலமானார்.

என்ன செய்தார்?

இவர் ஒருங்கிணைப்பாளராக இருந்த தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியம், 1999 ஆகஸ்டில் அணு ஆயுதக் கொள்கை வரைவை வெளியிட்டது. அதன் சாரம்: முதலில் நாம் போட மாட்டோம்; நம்மீது போட்டால் பதிலடி நிச்சயம். 2003 ஜனவரி 4-ல் அரசு அறிவித்த கொள்கையிலும் இது நீடித்தது. உத்தரவிடும் அதிகாரம் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவுக்கு மட்டுமே.

சிவகாசிக்கு என்ன சம்பந்தம்?

பட்டாசு வெடிப்பதற்காகச் செய்யப்படுகிறது. அணுகுண்டோ, எதிரியை அஞ்ச வைத்து, வெடிக்காமலே இருப்பதற்காக என்பது சுப்பிரமணியத்தின் வாதம். ஆனால் இரண்டிலும் உயிரைக் காப்பது விதிதான். மருந்து கலக்கத் தெரிந்தவர்களுக்கு விருதுநகர் மாவட்டத்தில் பஞ்சமில்லை. அறைக்கு இத்தனை பேர்தான், உள்குத்தகைக்கு விடக்கூடாது என்ற விதிகள் மீறப்படும்போதுதான் ஆபத்து பெருகுகிறது. 2012-ல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2021-ல் அச்சங்குளத்திலும் பெரும் உயிரிழப்பு. நாக்பூர் உரிமம் சுவரில் தொங்கினால் மட்டும் போதாது என்பது இந்த ஊருக்குத் தெரியும்.

இப்போது ஏன் பேசணும்?

எழுதிய விதி மாறவும் செய்யும். ‘முதலில் பயன்படுத்தாமை’யின் எதிர்காலம் சூழ்நிலையைப் பொறுத்தது என்று 2019 ஆகஸ்டில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் சொன்னார். அது சரியா, தவறா என்று ஆதாரத்தோடு வாதிட ஆள் வேண்டாமா? சுப்பிரமணியத்தின் முடிவுகளை ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பதற்கும் படிக்கத்தான் வேண்டும்.

‘மார்க் குறைஞ்சா அரசியல் அறிவியல்’ என்று பிள்ளைகளை ஒதுக்குவதை நம் வீடுகளும் கல்லூரிகளும் நிறுத்தணும். வெடிமருந்தோடு வாழும் இந்த மாவட்டத்துக்கு, விதியைக் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைகள் மற்ற ஊர்களைவிட அதிகம் தேவை.