அபிஷேகக் காணொளிக்கு எதுக்கு ‘பூஸ்ட்’?

நம்ம தொண்டூழியர் குழுவுல ஒரு யோசனை வந்திருக்கு. அபிஷேகக் காணொளிக்கு 200 வெள்ளி கட்டி ஃபேஸ்புக்ல ‘பூஸ்ட்’ பண்ணலாமாம், பார்வை ஆயிரக்கணக்குல ஏறுமாம்.

எனக்கு இதுல உடன்பாடு இல்லை. ஃபேஸ்புக் பல வருஷமா 3 விநாடி ஓடினாலே ஒரு பார்வைன்னு கணக்கு வச்சிருந்துச்சு. விரலால தள்ளிட்டுப் போறவங்களும் அதுல சேர்த்தி. 3 விநாடியில தீபாராதனைத் தட்டு ஒரு சுத்துகூட வராதே!

2021 தைப்பூசத்துக்குக் காவடி ஊர்வலம் இல்லை. வீட்டுல உட்கார்ந்து நேரலையில கும்பிட்டோம். விளம்பரமா பார்த்து வந்தோம்? யாரோ வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பினாங்க, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நாம அனுப்பினோம்.

அன்னதானத்துக்குக் காய் வெட்ட ஆள் வேணும்னா 50 வெள்ளிக்கு விளம்பரம் போடுங்க, தப்பே இல்லை. உட்லண்ட்ஸ், ஜூரோங் பக்கம் இருக்குற இளையர்களுக்கு அப்பத்தான் தெரியும். ஆனா சாமியைக் காட்டி எண்ணிக்கை ஏத்த வேண்டாம். தேக்காவுல பூக்கட்டுற அக்கா உண்டியல்ல போட்ட 2 வெள்ளியும் அந்த 200ல இருக்கு.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் கூட்டம். உபயகாரர்களும் வந்து உங்க கருத்தைச் சொல்லுங்க.