மலைப்பாம்புக் குட்டிக்குக் கண்ணாடி மாளிகை எதற்கு?

கண்ணாடித் தொட்டி ஒன்று, சூட்டு விளக்கு ஒன்று, பிளாஸ்டிக் செடி ஒன்று. மூன்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, புதிதாக வளர்ப்பவர்களுக்கான முழுத் தொகுப்பு என்று பிரான்ஸில் விற்கிறார்கள். மலைப்பாம்புக் குட்டியை அதில் அப்படியே விடுவது அதற்குச் செய்யும் துரோகம் என்பது என் கட்சி. அங்கே இருக்கும் என் பேரன் அப்படியொரு தொகுப்பை வாங்க, குட்டி ஆறு வாரம் எதையும் தொடாமல் பட்டினி கிடந்தது. அதனால்தான் நான் இதில் தலையிட்டேன். எழுபது வயதுக்கு மேல் பிரெஞ்சில் பாம்பைப் பற்றி இவ்வளவு படிக்க வேண்டியிருக்கும் என்று யார் கண்டார்கள்!

நம் ஊரில் யாரும் இதைப் படித்துவிட்டுப் பாம்பு தேடிக் கிளம்ப வேண்டாம். நம் மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்தால் ஜெயில்தான். நான் பேசுவது அங்கே கடையில் விற்கும் ஆப்பிரிக்க இனத்தைப் பற்றி. முழு வளர்ச்சியில் நான்கு அல்லது ஐந்து அடிதான் இருக்கும், பிறக்கும்போது ஒன்றேகால் அடி.

இதற்குப் பிரெஞ்சில் 'பித்தோன் ருவயால்', அதாவது ராஜ மலைப்பாம்பு என்று பெயர். ஆங்கிலத்தில் 'பால் பைத்தான்'. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். அந்த ஆங்கிலப் பெயரில்தான் உண்மை இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கிக் கிடந்து, இரவில் இரை தேடும் பிராணி இது. பெனின் நாட்டு உய்தா நகரில் இதற்குக் கோயிலே உண்டு. அங்கிருந்து வெளியேறிய பாம்பு யார் வீட்டிலாவது நுழைந்தால் மரியாதையாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். அப்படிப்பட்ட பிராணியை நான்கு பக்கமும் கண்ணாடி போட்டு, தலைக்கு மேல் விளக்கெரித்து, நடுக்கூடத்தில் வைக்கிறோம். யாருடைய வசதிக்கு? பார்க்கிறவர்களின் வசதிக்கு.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. பாம்பு வளர்த்து விற்பவர்கள் அவர்கள். பெரிய இடம் என்றால் குட்டி பயப்படும், ஆகவே காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் இழுப்பறையில் வையுங்கள், உடனே சாப்பிடும் என்கிறார்கள். சாப்பிடுகிறது, உண்மைதான். ஆனால் அது சாப்பிடுவது இடம் சின்னதாக இருப்பதால் அல்ல, மறைவாக இருப்பதால். உடம்பை ஒரு முறை நேராக நீட்ட முடியாத அறை ஃபைலுக்குச் சரி. அலமாரிகளுக்கு நடுவே உத்தியோகம் பார்த்தவன் சொல்கிறேன், உயிருள்ளதை அங்கே வைக்கக் கூடாது.

பேரன் வீட்டில் நாங்கள் தொட்டியை மாற்றவில்லை. மூன்று பக்கக் கண்ணாடிக்கும் வெளியிலிருந்து கறுப்பு அட்டை ஒட்டினோம். உள்ளே கார்க் மரப்பட்டை, காய்ந்த இலை, செடி என்று பாதி இடத்தை அடைத்தோம். குட்டி சுருண்டால் உடம்பில் உரசும் அளவுக்குச் சின்னதாக இரண்டு பொந்துகள், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. இந்த இரண்டு என்பது முக்கியம். பாம்பு இடம் மாறித்தான் தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும். சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26 இருந்தால் போதும். பொந்து ஒன்றுதான் என்றால், பயந்த குட்டி வெந்தாலும் விறைத்தாலும் அதை விட்டு வெளியே வராது. ஒன்பதாம் நாள் எலிக்குஞ்சை வாங்கிக்கொண்டது.

கடைக்காரர் தராத சாமான் ஒன்று உண்டு, தெர்மோஸ்டாட். அது இல்லாமல் விளக்கையோ சூட்டு விரிப்பையோ மாட்டினால் எவ்வளவு சூடாகும் என்று சொல்லவே முடியாது. பாம்புக்குச் சூடு உறைப்பதற்குள் வயிற்றுத் தோல் வெந்துவிடும். சூடாகும் செயற்கைக் கல்லையும் விற்கிறார்கள், அதைத் தொடவே வேண்டாம். மேலே கம்பி வலை மூடி இருந்தால் ஈரமெல்லாம் போய்விடும், சட்டை துண்டுதுண்டாக உரியும், கண்மேல் ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், வலையில் பெரும்பகுதியை மூடிவிடுங்கள்.

குட்டிக்குச் சின்னது, வளர்ந்ததும் பெரியது என்று இரண்டு தடவை விற்பது அவர்கள் வியாபாரம். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள ஒன்றை முதலிலேயே வாங்கி, உள்ளே நன்றாக அடைத்துக் கொடுத்தால் குட்டியும் பயப்படாது. இந்தப் பாம்பு இருபது, முப்பது வருஷம் இருக்கும். செலவைக் கணக்குப் போட வேண்டிய காலம் அதுதான்.

பாம்பைக் கடைசியில் வாங்குங்கள். பெட்டியை ஒரு வாரம் காலியாக ஓடவிட்டு, காலையும் இரவும் இரண்டு பக்க வெப்பத்தையும் நோட்டில் எழுதுங்கள். மூடியில் பூட்டு இருக்கட்டும். சுண்டுவிரல் நுழைகிற சந்தில் குட்டி நுழைந்துவிடும்.