புதுப் பாட்டும் பழைய காதும்

மனதுக்குப் பிடித்த இசையமைப்பாளரின் புதிய பாடல்கள் வெளிவரப் போகின்றன என்று செய்தி வந்தால் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. மெட்டு எப்படி இருக்கும், யார் பாடியிருப்பார்கள், இந்தத் தடவையும் நம்மை மயக்கிவிடுவாரா என்று எண்ணம் ஓடுகிறது. பிழைப்புக்காக மும்பைக்கு வந்துவிட்ட நமக்கு இந்த எதிர்பார்ப்பு ஒரு பங்கு கூடுதல். ஊரில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் டீக்கடை ரேடியோவும் பாட்டைத் தாமாகவே கொண்டுவந்து சேர்த்துவிடும். இங்கே நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

அந்தத் தேடல் ஒரு காலத்தில் எளிதாக இருக்கவில்லை. 1952-இல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகள் அருகிப்போயின. 1957-இல் விவித பாரதி தொடங்கும் வரை மக்கள் சிற்றலையில் இலங்கை வானொலியைத் திருகித் திருகிக் கேட்டார்கள். சென்னையில் பதிவான பாட்டு, கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் இசைத்தட்டாகிச் சென்னைக் கடைக்குத் திரும்பி, பிறகு லீவு முடிந்து வருகிறவரின் டிரங்குப் பெட்டியில் தாதர் வந்து இறங்கும். கேசட் வந்த பின்னும், ஊருக்குப் போகிறவரிடம் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் பலர்.

இன்று அந்தத் தூரம் இல்லை. சென்னைக்காரர் கேட்கும் அதே நிமிடத்தில் தாராவியிலும் செம்பூரிலும் கைப்பேசியில் கேட்கிறது. ஆனால் வேறொரு தூரம் மட்டும் குறையவே இல்லை. அது நம் காதுக்கும் புதுப் பாட்டுக்கும் உள்ள தூரம்.

நம்மில் பலருக்கு, ரயிலேறிய ஆண்டிலேயே காது நின்றுவிட்டது. புதிய பாட்டிடம் நாம் கேட்பது இசையை அல்ல. விட்டுவந்த ஊரையும், போன வயதையும். அதை எந்த இசையமைப்பாளரால் தர முடியும்? கிடைக்காதபோது, “இதெல்லாம் ஒரு பாட்டா?” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம்.

இந்த வார்த்தையும் புதிதல்ல. 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது விஸ்வநாதன் மெட்டில் ஊறியிருந்த காதுகள் பழகக் கொஞ்ச நாள் ஆயிற்று. 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது, அன்னக்கிளியைக் கொண்டாடியவர்களிலேயே சிலர் “வெறும் கம்ப்யூட்டர் சத்தம்” என்றார்கள். இன்று ரோஜாவின் ரசிகர்கள் இளையவர்களின் பாட்டைப் பார்த்து அதையே சொல்கிறார்கள்.

பாட்டைத் தருகிறவர் ஓரிடத்தில் நிற்பதில்லை. ‘அன்னக்கிளி’ தந்த இளையராஜா, 1986-இல் தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக, சினிமாவுக்கு அப்பாற்பட்ட ஒரு வாத்திய இசைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் திருவாசகத்தைத் தந்தார். 2025 மார்ச்சில், தம் 81-ஆவது வயதில், லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அவரே புதிதைத் தேடிப் போகும்போது, அவருடைய ரசிகர்களான நாம் மட்டும் 1976-ஐ விட்டு நகர மாட்டோம் என்பது என்ன நியாயம்?

இது வெறும் ரசனை விவகாரம் என்று விட்டுவிடுவதற்கில்லை. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. பள்ளியில் இந்தி, மராத்தி, ஆங்கிலம், தெருவில் இந்தி. அவர்களாக விரும்பி நாடும் தமிழ் ஒன்று உண்டென்றால், அது புதிதாக வரும் சினிமாப் பாட்டுதான். அதையும் தகப்பனார் ஏளனம் செய்தால், பிள்ளை இந்திப் பாட்டுக்குப் போய்விடுவான். அதற்குப் பிறகு, “என் மகனுக்குத் தமிழே வரவில்லை” என்று தமிழ்ச் சங்கத்து மேடையில் வருத்தப்பட்டு என்ன பயன்?

புதுப் பாட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வாத்திய ஓசையில் சொற்கள் அமுங்கிப்போவது உண்மை. தமிழைக் கடித்துத் துப்பும் உச்சரிப்பும் உண்டு. கண்டிக்க வேண்டியதைக் கண்டிப்போம். ஆனால் கேட்ட பிறகு கண்டிப்போம். பாதிப் பாட்டில் தீர்ப்புச் சொல்லாமல், மூன்று முறையாவது முழுவதும் கேட்போம். இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளை கேட்டால், அதுதான் அன்றைய தமிழ்ப் பாடம்.

நம் சங்கங்களும் இதில் ஒரு காரியம் செய்யலாம். பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் கூடுவதைப் போல, புதிய பாடல்கள் வெளியாகும் வாரத்தில் ஒரு ஞாயிறு மாலை பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்கச் செய்யலாம். பாட்டெழுதியவர் பெயரையும் பொருளையும் ஒருவர் எடுத்துச் சொன்னால் போதும். பெரிய செலவில்லை.

அதற்கு முன் வீட்டிலேயே தொடங்கலாம். அடுத்த பாட்டு வெளியாகும் நாளில், பிள்ளையின் காதிலிருக்கும் இயர்போனைக் கழற்றச் சொல்லுங்கள். வீடு முழுக்கக் கேட்கட்டும்.