சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

நெய்வேலியில் இருக்கும் சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் மாமரம், கொல்லையில் முருங்கை, கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம். "உனக்கென்னடி குறை!" என்றேன். "அடுத்த சித்திரையில் இவர் ரிடையராகிறார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கே போவது?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பிறகு, சுரங்கத்தோடு கூட ஊரையும் திட்டம் போட்டு, வட்டம் வட்டமாகக் கட்டினார்கள். வீட்டோடு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைவீதி எல்லாம் வந்தன. ஆனால் அது உத்தியோகத்தோடு வந்த வீடு; உத்தியோகத்தோடு போகும். மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவிக்கோ அந்தச் சாவியும் இல்லை!

சர்க்கார் திட்டங்கள் இல்லையா என்பீர்கள். இருக்கின்றன. 2024-ல் அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில், கிராமத்துக் குடிசைவாசிக்கு 360 சதுர அடியில் வீடு கட்ட 3.5 லட்ச ரூபாய். நல்ல காரியந்தான். ஆனால் மனையும் பட்டாவும் இருக்க வேண்டுமே! மனையே இல்லாதவள் என்ன செய்வாள்?

கத்தரிக்காய் வாங்கினால்கூடப் புரட்டிப் பார்க்கிறோம். வீட்டுத் திட்டத்தைப் பார்க்க வேண்டாமா? எத்தனை ஆயிரம் வீடு என்பது மட்டும் கணக்கல்ல. சென்னையில் 2000-ல் கண்ணகி நகர் எழுந்தது. நகரத்தின் நடுவே குடிசையில் இருந்தவர்களுக்கு வீடு கிடைத்தது. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போய் வந்த இடம் எட்டாத தூரமாயிற்று. கூலியில் பாதி பஸ்ஸுக்குப் போனால், இலவச வீடும் விலை அதிகந்தான்.

ஆகவே நான்கு கேள்வி கேளுங்கள். வேலைக்குப் போய்வர எவ்வளவு ஆகும்? தண்ணீரும் சாக்கடையும் வீட்டுக்கு முன்பே வருமா, பின்பா? தவணை, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் என்ன செலவு? பத்திரம் யார் பேரில்? 2015-ல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், குடும்பத் தலைவியின் பேரிலோ இருவர் பேரிலுமோ வீட்டைப் பதியச் சொல்கிறார்கள். இந்த உரிமையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபைக்குப் போய், பயனாளிகள் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். விடுபட்டவள் யார் என்று நமக்குத்தானே தெரியும்?

புறப்படும்போது சிநேகிதி ஒரு பை மாங்காய் கொடுத்தாள். "மரத்தை எடுத்துப் போக முடியாதே" என்றாள். குவார்ட்டர்ஸில் இருக்கும் சகோதரிகளே, சாவி கைக்கு வந்த அன்றே, அதைத் திருப்பிக் கொடுக்கும் நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.