கோடையில் கொல்லைத் தோட்டம்

2020-ஆம் வருஷம் மே மாதம் 5-ந்தேதி கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டது. தொற்றுநோயை முன்னிட்டுச் சர்க்கார் செய்த அந்த ஏற்பாட்டை நாம் குறை கூறவில்லை. ஆனால், பூந்தமல்லிக்கு அப்பால் திருமழிசையில் தாற்காலிக மார்க்கெட் ஏற்படும் வரையில், அம்பத்தூர், ஆவடி ஜனங்கள் ஒரு பிடி கீரைக்கும் நாலு வெண்டைக்காய்க்கும் எப்படித் தவித்தார்கள் என்பதை அவர்களே அறிவார்கள். அவ்வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் கோயம்பேடு திறந்தது. திறந்ததும் கற்ற பாடத்தை நாம் மறந்தோம்.

இப்படி மறப்பது நமக்குப் புதிதன்று. 1942-ஆம் வருஷத்தில் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. மறு வருஷம் வங்காளத்தில் லக்ஷக்கணக்கானோர் பசியால் மாண்டனர். அதிக உணவு விளைவிக்க வேண்டுமென்று அன்று எழுந்த முழக்கம், நெருக்கடி தணிந்ததும் மெல்ல மெல்ல ஓய்ந்தது. பிறர் கையை எதிர்பார்க்கும் வயிறு, அந்தக் கை தடைப்பட்ட அன்றுதான் தன் அடிமைத்தனத்தை உணர்கிறது.

அம்பத்தூர் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த ஊர். பிறகு தொழிற்பேட்டை வந்தது, வயல்கள் மனைகளாயின, 2011-இல் ஊரே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. தொழில் பெருகியதைக் குறித்து நாம் வருந்தவில்லை. ஆயினும் வயலை இழந்த ஊர் கொல்லையையும் இழக்க வேண்டுமென்ற நியதி ஏது? இன்றும் அநேக வீடுகளில் பின்புறம் சிறிது மண் உண்டு. அது இல்லாத வீட்டிலும் மொட்டை மாடி உண்டு.

ஆர்வத்தோடு தோட்டம் போட்டுக் கைவிட்டவர்கள் பலர். அவர்கள் தோற்றதற்குப் பெரும்பாலும் காரணம் சோம்பலன்று. பிற தேசத்துப் பஞ்சாங்கத்தை நம்பியதே. குளிர் நாடுகளில் உறைபனி நீங்கிய பின் நடுவனவற்றைக் கோடைக் காய்கறி என்பார்கள். அங்கே வெப்பம் அரிது. நமக்கோ வெப்பத்துக்குக் குறைவில்லை; அரிதாயிருப்பது தண்ணீரே. ஆகவே நம் கணக்கு வேறு. தை, மாசி மாதங்களில் வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை ஆகியவற்றை விதைத்தால் கோடையில் பலன் தரும். வெண்டை ஏறக்குறைய 45 நாட்களில் காய்க்கத் தொடங்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்து வந்தால் தொடர்ந்து காய்க்கும். பாகல், புடல், பீர்க்கு முதலிய கொடிகளை ஆடிப் பட்டத்திலோ தைப் பட்டத்திலோ ஊன்றிப் பந்தலில் ஏற்ற வேண்டும். தக்காளியைச் சித்திரையில் வற்புறுத்துவது வீண். பகலில் 35 டிகிரிக்கு மேல் வெயிலும் இரவில் புழுக்கமும் சேர்ந்தால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். அது மார்கழி முதல் மாசி வரை காய்க்குமாறு நாற்று விடுவதே அறிவுடைமை.

“குடிக்கவே நீரில்லாத ஊரில் செடிக்கு ஏது நீர்?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். 2019-ஆம் வருஷத்துக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாய் வறண்டு போனதை மறந்துவிட்டு எழுதுகிறோமல்லோம். ஆனால் அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் தினந்தோறும் சாக்கடையில்தானே போகின்றன? அவற்றை மாலையில் வேரடியில் விட்டு, மண்ணின்மேல் இரண்டு மூன்று அங்குல கனத்துக்குச் சருகு பரப்பினால் ஈரம் எளிதில் உலராது. கோடை உச்சத்தில் பாத்திகளைக் குறைத்துக்கொள்வதிலும் தவறில்லை. ஆலைக் கழிவு கலந்த நீரை மட்டும் எக்காரணத்தாலும் பாய்ச்சலாகாது.

இவற்றினும் முக்கியமானது விதை. வீரிய ஒட்டு விதையில் விளைந்த காயின் வித்து, தாய்ச் செடியின் குணத்தை அப்படியே தராது. ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்காரனையே நாட வேண்டும். நாட்டு விதை அப்படியன்று. நோயற்ற நல்ல செடியில் இரண்டு காய்களை முற்ற விட்டு உலர்த்தி, சாம்பல் கலந்து வைத்தால் மறு வருஷத்து விதை நம் கையில் இருக்கும். விதை கையிலுள்ளவனே சுதந்திர விவசாயி. அவன் நிலம் நாலு முழமாயினும் சரியே.

கொல்லைத் தோட்டம் குடும்பத்தின் உணவு முழுவதையும் தந்துவிடும் என்று நாம் ஆசை காட்டவில்லை. நெல்லும் பருப்பும் கிராமத்து உழவரிடமிருந்தே வரவேண்டும். எனினும் ஒரு வெண்டைச் செடியைப் பூச்சியிலிருந்து காப்பாற்றப் பாடுபட்டவன், உழவன் கேட்கும் விலையை மிகையென்று ஒருநாளும் சொல்லமாட்டான். இதுவே இத்தோட்டத்தின் பெரிய லாபம்.

தேச சேவையில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லை வேலை பெண்டிருடையதென்று ஒதுக்கிவிட்டு, மேடையில் சுயதேவைப் பூர்த்தியைப் பற்றிப் பேசுவது அழகன்று. தெருவுக்குப் பத்து வீடுகள் சேர்ந்து ஆளுக்கொரு விதையைக் காத்துத் தம்முள் பரிமாறிக் கொள்ளட்டும். மாநகராட்சி, வீட்டுக் குப்பையிலிருந்து செய்த எருவை வார்டுதோறும் எளிதில் கிடைக்கச் செய்யட்டும். தோட்டக்கலை இலாகா தரும் விதைப் பொட்டலங்கள் ஆடிக்கும் தைக்கும் முன்னரே ஜனங்கள் கையை அடையட்டும். பட்டம் தவறி வரும் விதை, பந்தி முடிந்தபின் வரும் இலையை ஒக்கும்.

இன்னொரு முறை மார்க்கெட் மூடாது என்று யாரும் உறுதி கூற முடியாது. மூடினால், அன்றைய குழம்புக்கு நாலு காயாவது நம் கொல்லையில் இருக்கட்டும். அதற்கான விதையை ஊன்றும் காலம் நெருக்கடி வந்த பின்பு அன்று, அது வருமுன்பே.