இனிஷியலும் ஒன்றாக இருந்தால்..? சி மேக்ரோவில் பெயர்க் குழப்பம்!

2024 நாடாளுமன்றத் தேர்தலில், ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்றார் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம். வேட்பாளர் பட்டியலில் பன்னீர்செல்வம் என்ற பெயரில் மேலும் ஐந்து பேர்! ‘ஓ’ என்ற இனிஷியலும் ஒத்துப்போனவர்கள் அவர்களில் உண்டு. அவரைத் தனியே காட்டியது பலாப்பழச் சின்னம்தான்.

சி மொழியில் புரோகிராம் எழுதுபவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. கொட்டிவாக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, ஓ.எம்.ஆர். ஐ.டி. நிறுவனங்களின் இன்டர்வியூவுக்குத் தயாராகும் இளைஞர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

என்ன சிக்கல்?

மேக்ரோ என்பது ஃபங்ஷன் அல்ல. கம்பைல் ஆவதற்கு முன்பே, ப்ரீபிராசஸர் அதன் வரிகளை நம் கோடுக்குள் அப்படியே ஒட்டிவிடும்.

இரண்டு எண்களை இடம் மாற்றும் ‘ஸ்வாப்’ மேக்ரோவை எடுத்துக்கொள்வோம். மதிப்பைத் தற்காலிகமாக வைக்க, அதற்குள் ‘டெம்ப்’ என்றொரு வேரியபிள். நீங்களோ வெப்பநிலைக்கு ‘டெம்ப்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அதை ஸ்வாப்பிடம் கொடுத்தால், உள்ளே இருக்கும் டெம்ப் உங்கள் டெம்ப்பை மறைத்துவிடும். 30-ம் 40-ம் இடம் மாறாது, எரரும் வராது. மெஷின் சூட்டைக் கண்காணிக்கும் புரோகிராமில் இப்படி நடந்தால் ஆபத்துதானே?

எப்படித் தவிர்ப்பது?

* முடிந்தவரை மேக்ரோவுக்குப் பதில் ஃபங்ஷன் எழுதுங்கள். வேகம் வேண்டுமென்றால், சி99-ல் வந்த ‘இன்லைன்’ இருக்கிறது.

* மேக்ரோதான் வேண்டுமா? ‘ஸ்வாப்_டெம்ப்’ என இனிஷியல்போல முன்னால் ஒன்றைச் சேருங்கள். இரண்டு அடிக்கோடுகளில் தொடங்கும் பெயர்கள் வேண்டாம். அவை கம்பைலருக்கும் அதன் லைப்ரரிக்கும் ஒதுக்கப்பட்டவை.

* இன்னொரு மேக்ரோவும் அதே இனிஷியலோடு உள்ளே வந்தால்? அங்கேதான் ‘சின்னம்’ தேவை. ஜிசிசி, கிளாங் கம்பைலர்களில் ‘கவுன்டர்’ என்ற வசதி, ஒவ்வொரு முறையும் அடுத்த எண்ணைத் தரும். அதைப் பெயரோடு ஒட்டினால் மோதல் இல்லை. லினக்ஸ் கெர்னலிலும் இந்த உத்தி உண்டு.

* பலரும் போடும் ‘டபிள்யூ-ஆல்’ எச்சரிக்கையில் இந்தப் பெயர் மறைப்பு அடங்காது. ‘டபிள்யூ-ஷேடோ’வைத் தனியாகச் சேருங்கள். கம்பைலரே காட்டிக்கொடுத்துவிடும்!