மழை, தீயணைக்கும் இலாகா அல்ல!

இமயமலைச் சரிவிலுள்ள உத்தரகாண்ட் ராஜ்யத்தில் கோடைதோறும் ஒரே நாடகம் நடக்கிறது. காடு எரிகிறது. பள்ளத்தாக்குகளில் புகை அடைந்து நிற்கிறது. அதிகாரிகள் அறிக்கை விடுகிறார்கள். பிறகு ஒரு நாள் இடி இடித்து மழை கொட்டுகிறது. தீ அணைகிறது, பைலும் மூடப்படுகிறது. அடுத்த கோடையில் மறுபடியும் முதல் காட்சி!

மழையை நம்பி ஒரு சர்க்கார் நடக்கலாமா? 2024 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டே இதைக் கண்டித்தது. செயற்கை மழையையும் வருண பகவானையும் நம்பிக் கொண்டிருப்பது இதற்குப் பரிகாரம் ஆகாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். தீப்பருவத்தின் நடுவில் வன இலாகா ஊழியர்களைத் தேர்தல் வேலைக்கு அனுப்பியது ஏன் என்றும் கேட்டார்கள். ஓட்டுப்பெட்டிக்கு ஆள் உண்டு, எரிகிற காட்டுக்கு ஆள் இல்லை! இதுதான் நிர்வாகத்தின் லட்சணம்.

அடுத்த மாதமே இதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. 2024 ஜூன் 13 அன்று அல்மோரா ஜில்லாவில், பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கப் போன வன ஊழியர்கள் தீயில் சிக்கினார்கள். நான்கு பேர் அங்கேயே மாண்டார்கள். நான்கு பேர் படுகாயம் அடைந்தார்கள். தீக்காவலரும் தினக்கூலியும் அதில் உண்டு. மலையைக் காப்பாற்றப் போனவனுக்குத் தீ தாங்கும் உடை உண்டா? புகையைத் தடுக்கும் முகமூடி உண்டா? பச்சைக் கிளையை ஒடித்துத் தீயை அடிப்பதுதான் இன்றும் அவனுடைய ஆயுதம்!

அதிகார வர்க்கம் வழக்கமாக மூன்று சமாதானங்கள் சொல்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சமாதானம்: "கிராமத்தான்தான் தீ வைக்கிறான்."

இந்த மலைகளில் தீ பெரும்பாலும் மனிதன் கையால்தான் பற்றுகிறது என்பது உண்மை. புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துகிறவர் உண்டு. அணைக்காத பீடியை வீசிவிட்டுப் போகிறவரும் உண்டு. ஆனால் ஒரு தீக்குச்சி ஒரு மலையையே விழுங்குவது எப்படி?

அதற்குப் பைன் மரத்தைக் கேட்க வேண்டும். கோடையில் அதன் ஊசி இலைகள் உதிர்ந்து தரையில் மெத்தையாகக் கிடக்கின்றன. பிரூல் என்று ஜனங்கள் சொல்லும் இந்தச் சருகில் பிசின் ஊறியிருக்கிறது. பொறி பட்டால் போதும். பைன் அந்த மலைக்கு அந்நிய மரமல்ல. ஆனால் அதை இவ்வளவு தூரம் பெருக்கியது பிரிட்டிஷ் வன இலாகா. ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டை வேண்டும். டர்பன்டைனுக்குப் பிசின் வேண்டும். குடியானவனுக்கு மாட்டுத் தழையும் ஊற்று நீரும் கொடுத்த பாஞ்ச் என்னும் ஓக் மரத்தால் கஜானாவுக்கு என்ன லாபம்?

1911 முதல் 1917 வரை குமாவுன் மலைக்காடுகளைப் பெருமளவில் ரிசர்வ் காடுகளாக்கினார்கள். மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு, விறகுக்குக் கட்டுப்பாடு, குளிர் காலத்தில் காய்ந்த புல்லைப் பதமாக எரிக்கும் பழைய வழக்கத்துக்கும் தடை! ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1921 ஜனவரியில் பாகேசுவரத்தில் கூடி, கட்டாயச் சுமைகூலிப் பதிவேடுகளைச் சரயு நதியில் வீசினார்கள். அந்தக் கோடையில் பைன் காடுகள் பற்றி எரிந்தன. சர்க்கார் குறைதீர்ப்புக் கமிட்டி போட்டது. 1931-இல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன.

வெள்ளைக்காரன் போனான், அவனுடைய இலாகா மனப்பான்மை போகவில்லை. இன்று 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன. ஆனால் சாவி இன்னும் அதிகாரி இடுப்பில்தான் தொங்குகிறது. தன்னுடையது என்று நினைத்த காட்டில் புகை கண்டால் ஊரே ஓடி வந்து அணைக்கும். "உள்ளே வராதே" என்று பலகை நட்ட காடு எரிந்தால் யார் ஓடி வருவான்?

இரண்டாவது சமாதானம்: "வெயில் கடுமை, நாங்கள் என்ன செய்வது?"

உலகம் சூடேறுகிறது, இதை மறுப்பவர் யாருமில்லை. 2024 ஜனவரியில் மேற்கு இமயமலையில் பனியும் மழையும் வெகுவாகக் குறைந்தன. மலை அப்போதே காய்ந்தது. ஏப்ரலில் தீ வரும் என்பதற்கு இதைவிட என்ன முன்னறிவிப்பு வேண்டும்? போதாததற்கு, இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தலைமையகமே இந்த ராஜ்யத்தின் டேராடூனில் இருக்கிறது. செயற்கைக் கோள் தீயைக் கண்டதும் எச்சரிக்கை அனுப்புகிறது. வானத்தில் கண் இருக்கிறது. தரையில் கை இல்லை!

மூன்றாவது சமாதானம்: "ஹெலிகாப்டர் அனுப்பினோம், மழையும் வந்துவிட்டது."

2016-இலும் 2024-இலும் விமானப்படை ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியில் நீரள்ளிக் காட்டில் கொட்டின. விமானிகளின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் புகை மூடினால் ஹெலிகாப்டர் பறப்பதே கஷ்டம். மலை முழுக்கப் பரவிய தீக்கு வாளித் தண்ணீர் எம்மாத்திரம்?

மழையோ, தீயை அணைப்பதோடு நிற்பதில்லை. சருகும் புல்லும் எரிந்த சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. இடிமழை கொட்டினால் மேல்மண் சாம்பலோடு ஓடையில் இறங்குகிறது. வயலில் வண்டல் மூடுகிறது. நீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடுவதால் ஊற்று வற்றுகிறது. கோடையில் புகை குடித்த அதே பெண், அடுத்த கோடையில் குடத்தைத் தூக்கிக் கொண்டு இன்னும் ஒரு மைல் நடக்கிறாள். சுற்றுலாவுக்கு வந்தவன் புகையைக் கண்டதும் கீழே இறங்கிவிடலாம். மாட்டையும் வயலையும் விட்டு அவள் எங்கே இறங்குவாள்?

வழி இல்லாமல் இல்லை. 2024 மே மாதத்தில், காடு எரிந்து கொண்டிருக்கும்போது, பிரூல் சருகைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்குவோம் என்று ராஜ்ய சர்க்கார் அறிவித்தது. வீடு பற்றிய பிறகு கிணறு வெட்டும் கதை! இதே வேலையைத் தீப்பருவத்துக்கு முன்பே தொடங்கு. கூலியை அன்றன்றே கொடு.

வன பஞ்சாயத்துக்கு அதிகாரமும் பணமும் கொடு. தீக்காவலருக்கு வருஷம் முழுவதும் வேலை, உடை, முகமூடி, இன்ஷூரன்ஸ் கொடு. தீப்பருவத்தில் வன ஊழியரை வேறு வேலைக்கு இழுக்காதே. ஊற்றுகளைச் சுற்றிப் பாஞ்ச் மரத்தை மறுபடி வளர்க்க விடு.

இவற்றில் எதற்கும் வானத்தைப் பார்க்கத் தேவையில்லை. மழை வரும்போது வரட்டும். அதற்கு முன் மலை ஜனங்களின் கையில் காட்டைக் கொடுங்கள்!